உறையவைக்காத பை

என்பு மச்சைப் புற்றுநோயான மயலோமா வந்தவருக்கு, மாற்றுச் சிகிச்சைக்காக ஸ்டெம் செல் (இரத்தத்தை உருவாக்கும் மூலக்கலம்) சேகரிக்கப் போகிறீர்களா? சேகரிப்பைத் திங்கட்கிழமை தொடங்குங்கள். அந்தக் கிழமைக்குள் போயா விடுமுறை வருகிறதா என்று கலண்டரைப் பார்த்துவிட்டு, கலங்களை மச்சையிலிருந்து இரத்தத்துக்குள் வரவைக்கும் ஃபில்கிராஸ்டிம் ஊசியின் முதல் நாளைக் குறியுங்கள். இலங்கை போன்ற நாடொன்றில் இந்தச் சிகிச்சை தவறிப்போவதும் இப்படியான இடங்களில்தான், தேறுவதும் இப்படியான இடங்களில்தான்.

திருகோணமலையில் பலர் இந்த ஸ்டெம் செல் மாற்றைப் பெரிய சத்திரசிகிச்சை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இதில் கத்தி இல்லை. கட்டிலருகே ஒரு பை தொங்கும், இரத்தம் ஏற்றுவதுபோல அரை மணித்தியாலத்தில் ஏறி முடியும். நாளத்துக்குள் போன கலங்கள் என்பு மச்சைக்குத் தாமே வழிதேடிப் போய்ச் சேரும். நோயாளியின் சொந்தக் கலங்களையே திருப்பி ஏற்றுவது ஒரு வகை. மயலோமாவுக்கும் சில லிம்போமாக்களுக்கும் (நிணநீர்ப் புற்றுநோய்) அதுதான் வழக்கம். அங்கே நோயை அடிப்பது பெரிய அளவிலான கீமோ மருந்து. அந்த மருந்து மச்சையையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால், முன்கூட்டியே எடுத்து வைத்த கலங்களைக் கொண்டு மச்சையை மீட்கிறோம். இன்னொருவரின் கலங்களை ஏற்றுவது மற்ற வகை. தலசீமியா என்ற பிறவி இரத்தசோகை, மச்சை செயலிழக்கும் அப்பிளாஸ்டிக் அனீமியா, பல லுக்கீமியாக்கள் (இரத்தப் புற்றுநோய்கள்) அதற்குள் வரும். அங்கே புதிய மச்சையே மருந்து.

சேகரிப்பதற்கு ஃபில்கிராஸ்டிம் ஊசி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 600 மைக்ரோகிராம், அதாவது 300 மைக்ரோகிராம் குப்பி இரண்டு. நான்கைந்து நாளுக்கு எட்டு, பத்துக் குப்பி வேண்டும். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோவதென்றால் ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி வையுங்கள். குப்பி நேரே ஐஸில் பட்டு உறையக் கூடாது. மூன்றாம் நாளளவில் இடுப்பெலும்பும் முதுகும் குத்தும். பரசிற்றமோல் போதும்.

ஐந்தாம் நாள் காலையில் குருதியில் சீ.டீ.34 கலங்களை, அதாவது ஸ்டெம் செல்களை, எண்ணுவார்கள். ஒரு மைக்ரோலீற்றரில் 20க்கு மேல் இருந்தால் தயக்கமின்றிக் கலம் பிரிக்கும் இயந்திரத்தில் போடலாம். 10க்குக் கீழே என்றால் அன்று போடுவதால் ஐந்து மணித்தியாலமும் விலையுயர்ந்த ஒரு கிற்றும்தான் போகும். இயந்திரத்தினூடாக 10 முதல் 15 லீற்றர் இரத்தம் சுற்றிவரும். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சித்திரேற்று கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல் நுனியும் விறுவிறுக்கும். நோயாளி அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேகத்தைக் குறைத்துக் கல்சியம் கொடுப்பார்கள், சொல்லாமல் பொறுத்துக்கொண்டால் கை கால் இழுத்துக்கொள்ளும். பொறுமையை நல்ல குணமாகக் கருதும் எங்கள் ஆட்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

தேவைப்படும் தொகை: ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 20 இலட்சம் சீ.டீ.34 கலங்கள். 40, 50 இலட்சம் கிடைத்தால் நிம்மதி. கிடைக்காமல் போவதற்கான விதை பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே, சேகரிக்கும் நிலையத்துக்கு வெகு தொலைவில் விழுந்திருக்கும். மாற்றுக்குத் தகுதியான மயலோமா நோயாளிக்கு, மலிவு என்பதற்காக மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தைக் குளிசையாகத் தொடங்கினால் மச்சையின் இருப்புக் கரைந்துவிடும். லெனலிடோமைட் என்ற மயலோமா மருந்தை நீண்ட காலம் கொடுத்தாலும் அப்படித்தான். நான்கு, ஆறு மருந்துச் சுற்றுக்குள் சேகரித்துவிடுவது நல்லது. ஆகவே மாவட்ட மட்டத்தில் முதல் மருந்துச்சீட்டை எழுதுகிறவர், ‘இவர் மாற்றுக்குப் போகக்கூடியவரா?’ என்ற கேள்வியை அன்றே கேட்டுவிட வேண்டும்.

இனிப் பையின் கதை. பாடநூல் முறைப்படி கலங்களை உறையும்போது கலங்களைக் காக்கும் டீ.எம்.எஸ்.ஓ. திரவத்தை 10 சதவீதம் கலந்து மெல்ல மெல்ல உறையவைத்து, திரவ நைதரசனில் வைப்பார்கள். அதற்கு உறைநிலை இயந்திரமும், நிற்காமல் வரும் நைதரசனும், நிற்காமல் வரும் மின்சாரமும் வேண்டும். 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுக் கண்ட நாடு இது. எரிபொருள் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் நைதரசன் ஏற்றிய லொறி எங்கே நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மெக்சிக்கோ, அல்ஜீரியா, இந்தியா போன்ற நாடுகளில் பல நிலையங்கள் இதற்கு எளிய வழியொன்றைப் பின்பற்றுகின்றன. உறையவைக்காமல், இரத்த வங்கியின் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 6 பாகையில், 72 மணித்தியாலத்துக்குள் திருப்பி ஏற்றிவிடுகிறார்கள். மெல்ஃபலான் இதற்கு ஒத்துழைக்கிறது: அதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்தான். மருந்து ஏற்றி 24 மணித்தியாலம் கழித்தால் புதிய கலங்களைத் தாக்க உடலில் மருந்து மிஞ்சியிருக்காது. வெண்குழியம் ஏறும் நாளும், உறையவைத்த முறைக்குப் பின்தங்கவில்லை. டீ.எம்.எஸ்.ஓ.வினால் வரும் குமட்டலும் இரத்த அழுத்த இறக்கமும் இல்லை. வளம் குறைந்தவர்களின் சமாளிப்பு என்று இதைப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். மயலோமாவுக்கு இது நேர்த்தியான மருத்துவம்.

ஆனால் மணிக்கூடு ஓடத் தொடங்கிவிடும். திங்கள் காலை முதற் சேகரிப்பு, செவ்வாய் இரண்டாவது. செவ்வாய் மாலை எண்ணிக்கை கைக்கு வந்த பிறகே மெல்ஃபலான். புதன் இரவு பை ஏறும். திங்கட்கிழமைப் பைக்கு அப்போது 60 மணித்தியாலத்துக்கு முன்பின்னாக இருக்கும். செவ்வாய் போயா என்றால் எண்ணும் ஆய்வுகூடத்தில் ஆள் இருக்கமாட்டார், எண்ணிக்கை புதனுக்குத் தள்ளும், திங்கட்கிழமைப் பை எல்லையைத் தாண்டும். தொழில்நுட்பவியலாளர் எப்படியும் எண்ணி முடிப்பார் என்ற நம்பிக்கையில் மெல்ஃபலானை முன்னதாகவே ஏற்றுவதுதான் இந்த முறையில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய தவறு. ஏற்றிய மருந்தை மீட்க முடியாது. கலங்கள் போதாவிட்டால் மச்சையில்லாத ஒரு மனிதர் கட்டிலில் கிடப்பார். எண்ணிக்கை குறைவாக வந்தால் இரவில், கலங்களை மச்சையிலிருந்து வெளியே தள்ளும் பிளெரிக்ஸஃபோர் மருந்தைக் கொடுத்துப் புதன் மீண்டும் சேகரிக்கலாம். ஆனால் திங்கட்கிழமைப் பையைக் காப்பாற்ற மறை 80 பாகை உறைபெட்டி ஒன்றாவது வேண்டும். அதனால் உறையவைக்காத முறை நடத்தும் நிலையத்திலும் அந்தப் பெட்டி ஒன்று இருந்தாக வேண்டும் என்பேன்.

லிம்போமாவுக்கான பீம் என்ற மருந்துக் கூட்டு ஆறு நாள் போகும். அவ்வளவு நாள் பை தாங்காது. அங்கே உறையவைக்க வேண்டும், அல்லது மருந்துக் கூட்டை மாற்ற வேண்டும்.

மெல்ஃபலான் அளவு உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 200 மில்லிகிராம், சிறுநீரகம் பழுதென்றால் 140. கரைத்த பின் 60 நிமிடத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், பிறகு மருந்து வலுவிழக்கும். மருந்தகத்தில் கரைத்து வைத்துவிட்டு மேல்மாடி விடுதியில் கனூலா தேடிக்கொண்டிருந்தால் நோயாளிக்குப் போவது வலுக்குறைந்த மருந்து. நாளம் ஓடுகிறதா, குமட்டல் ஊசி போட்டாயிற்றா, ஐஸ் வாயில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மருந்தகத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.

ஐஸ் என்றதும் சிலர் சிரிப்பார்கள். இந்தச் சிகிச்சை முழுவதிலும் செலவுக்கு இவ்வளவு பலன் தருவது வேறொன்றும் இல்லை. மருந்து தொடங்க அரை மணித்தியாலம் முன்பிருந்து, முடிந்து அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை ஐஸ் துண்டுகளை வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும். குளிரில் வாயின் குருதிக் குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போகும், ஒரு கிழமை கழித்துத் தண்ணீர்கூட விழுங்க முடியாத புண் வராமல் தப்பலாம். ஐஸை, கொதித்தாறிய நீரில் மூடிய தட்டில் செய்ய வேண்டும். மீன் வாடியில் உடைக்கும் கட்டி ஐஸும் ஐஸ்பழமும் கிட்டவும் வரக்கூடாது.

பை ஏற்றும் நேரத்தில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, வெண்குழியம் வடிக்கும் ஃபில்ற்றர் பூட்டிய குழாயைப் போடுவது. இரத்தம் ஏற்றிப் பழகிய கை தன்னறியாமல் அதை எடுத்துவிடும். ஸ்டெம் செல் முழுவதும் ஃபில்ற்றரிலேயே தங்கிவிடும். சாதாரண இரத்தக் குழாய்தான் வேண்டும். மற்றது, இந்த நோயாளிகளுக்கான மற்ற இரத்தப் பொதிகளைப்போல இந்தப் பையையும் கதிரூட்ட, அதாவது கதிர்வீச்சுக் கொடுக்க, அனுப்புவது. கதிர் பட்டால் கலங்கள் இறந்தன. ‘கதிரூட்டாதே, ஃபில்ற்றர் போடாதே’ என்று பையின் மேலே மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

பிறகு காத்திருப்பு. பை ஏறிய நாளை நாள் பூச்சியம் என்போம். 10 முதல் 14 நாளளவில் நியூட்ரோஃபில் என்ற வெண்குழியம் ஒரு மைக்ரோலீற்றரில் 500ஐத் தாண்டி மூன்று நாள் அப்படியே நின்றால் கலங்கள் வேர்பிடித்துவிட்டன என்று அர்த்தம். அதுவரை காய்ச்சல் 38.3 பாகைக்கு ஒரு தடவை ஏறினாலும், 38இல் ஒரு மணித்தியாலம் நின்றாலும், 60 நிமிடத்துக்குள் முதல் அன்ரிபயோட்டிக் நாளத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் குருதி வளர்ப்புச் சோதனைக்கு எடுக்க வேண்டும்: நாளத்தில் பொருத்திய கதீற்றர் குழாயிலிருந்து ஒன்று, கை நாளத்திலிருந்து ஒன்று, பெரியவர்களுக்குப் போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர். 2 மில்லிலீற்றரை விட்டுவிட்டு ‘கிருமி வளரவில்லை’ என்ற அறிக்கையை நம்புவது வீண். இரவில் எடுத்த போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் வழக்கமான பிழை. அது அறை வெப்பத்தில் இருக்க வேண்டும், குளிரில் சில கிருமிகள் செத்துவிடும். தெற்காசியாவில் மெரோப்பெனம் என்ற வலுவான அன்ரிபயோட்டிக்குக்கும் அடங்காத குடற்கிருமிகள் பரவியிருப்பதால், விடுதியில் சேர்க்கும் நாளிலேயே மலவாயிற் பஞ்சுத் துடைப்பு எடுத்து யாரிடம் அது குடியிருக்கிறது என்று அறிந்து வைப்பது பிறகு உயிர் காக்கும்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தக் கலம் ஏற்றுகிறவருக்குச் சுத்தமான தனியறையும் கை கழுவும் ஒழுக்கமும் இருந்தால் பெரும்பாலும் போதும். பிறர் கலம் ஏற்றுகிறவருக்கு 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும், வெளியே தள்ளும் காற்றழுத்தமும் தேவை. அழுத்தம் வேலை செய்கிறதா என்று பார்க்க மீற்றர் இல்லாவிட்டால், மூடிய கதவின் கீழ் இடுக்கில் மெல்லிய ரிசுக் கடதாசி ஒன்றைப் பிடியுங்கள். வெளிப்பக்கம் பறந்தால் சரி. உள்ளே இழுபட்டால் நடைபாதைத் தூசு நோயாளியிடம் போகிறது.

திருமலையில் மறக்கக் கூடாத ஒரு கிருமி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மெலியோயிடோசிஸ் என்ற நோயின் கிருமி ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கிறது, இலங்கையில் இருப்பது உறுதியானது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூர்ப் பக்கத்திலும் பெரும்போகம் தொடங்கும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெறுங்காலோடு வயலில் நிற்கிறவரை அது எளிதில் பிடிக்கும். காய்ச்சல், நியூமோனியா, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி என்று வரும். ஆய்வுகூடத்தில் இதைச் சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ ஒதுக்கிவிட இடமுண்டு. ஜென்ரமைசின் இதற்குப் பலிக்காது. செஃப்ரசிடைம் அல்லது மெரோப்பெனம் வேண்டும். மாற்றுக்குப் போன விவசாயி என்பதை வளர்ப்புச் சோதனைப் படிவத்திலேயே எழுதுங்கள், தேடுகிறவருக்குக் கண் திறக்கும். நோயாளி ஒரு பெரும்போகத்தையாவது மகனிடமோ குத்தகைக்கோ விட்டுவிட வேண்டும். எதிர்ப்புத்திறன் அடக்கும் மருந்து தொடர்கிறவர் அது நிற்கும்வரை சேற்றில் இறங்கவே கூடாது.

அரச துறையில் இந்தச் சிகிச்சைக்கு பெரும்பாலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறோம். தமிழில் பேசிச் சமாளிக்கலாம் என்று வேலூருக்கும் சென்னைக்கும் போகிற குடும்பங்களும் உண்டு. இந்தியாவில் முதல் மச்சை மாற்று 1983 இல் மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986 இல் தொடங்கியது. எங்கே போனாலும் திரும்பி வரும் தூரத்தைக் கணக்கில் எடுங்கள். கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். காய்ச்சலுக்கும் அன்ரிபயோட்டிக்குக்கும் இடையே 60 நிமிடம் என்ற விதி புல்மோட்டையிலும் வெருகலிலும் அப்படியே பொருந்தும். ஆகவே சொந்தக் கலமென்றால் 30 நாள், பிறர் கலமென்றால் 100 நாள் வரையாவது நிலையத்துக்குக் கிட்ட வாடகை அறையில் இருக்கப் பணம் ஒதுக்குங்கள். மருந்துச் செலவை நூறு தடவை கணக்குப் பார்ப்பவர்கள் இந்த அறை வாடகையை மறந்துவிடுகிறார்கள்.

ஊர் திரும்பும்போது கையில் ஒரு அட்டை வேண்டும்: ‘கதிரூட்டிய குருதி மட்டும்’. காரணம் இது. கொடையாளியின் குருதியிலுள்ள உயிருள்ள வெண்குழியங்கள், எதிர்ப்பில்லாத உடலில் தங்கிப் பெருகி அந்த உடலையே தாக்கும். அப்படி நேர்ந்தால் பிழைப்பவர் மிகச் சிலர். 25 கிரே கதிர் கொடுத்தால் அந்தக் கலங்கள் பெருகாது. ஃபில்ற்றரில் வடித்த இரத்தம் இதற்குப் பதிலாகாது. சொந்தக் கல மாற்றுக்குப் பின் மூன்று மாதம், பிறர் கல மாற்றுக்குப் பின் குறைந்தது ஆறு மாதம், ஹொட்ஜ்கின் லிம்போமா வந்தவருக்கு ஆயுள் முழுவதும் இந்த விதி. கலம் சேகரிக்கும் முன் ஏழு நாளும் இதற்குள் அடங்கும். வீதி விபத்திலோ டெங்குக் குருதிப்போக்கிலோ நள்ளிரவில் விடுதிக்கு வருகிறவரின் கதை அந்த விடுதிக்குத் தெரியாது. அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஊர் இரத்த வங்கிக்கும் முன்கூட்டியே ஒரு பிரதி கொடுத்து, எங்கிருந்து எத்தனை மணித்தியாலத்தில் கதிரூட்டிய பொதி எடுப்பிக்கலாம் என்று பேசி வையுங்கள்.

பிறர் கல மாற்றில் முதற் கேள்வி கொடையாளி. இரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை, கலங்களின் மேலுள்ள எச்.எல்.ஏ. என்ற அடையாளம் பொருந்த வேண்டும். ஒரு உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. இருவர் இருந்தால் ஒருவராவது பொருந்த 44, மூவருக்கு 58. மச்சான் மச்சாள் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் பெற்றோரையும் சித்தப்பா மாமா பிள்ளைகளையும் சோதித்தால் எதிர்பாராத பொருத்தம் கிடைக்கலாம். தலசீமியா வரும் வாய்ப்பை அந்தச் சொந்தம் கூட்டுவதும் உண்மைதான். யாருமே பொருந்தாவிட்டால் பாதிப் பொருத்தம் உள்ள தாயோ தகப்பனோ போதும்: மாற்றுக்குப் பின் 3ஆம், 4ஆம் நாள் கிலோவுக்கு 50 மில்லிகிராம் சைக்ளோபொஸ்பமைட் கொடுத்து, நோயாளியின் உடலைத் தாக்கத் தொடங்கும் ரி கலங்கள் என்ற வெண்குழியங்களை அடக்கலாம். மலிவான பழைய மருந்து, ஏழை நாடுகளுக்குக் கிடைத்த பெரிய கொடை.

தலசீமியாப் பிள்ளையின் பெற்றோருக்கு: மாற்றுக்கான ஆயத்தம் இன்றைய இரும்பு அகற்றும் மருந்தில் தொடங்குகிறது. இத்தாலியின் பெசாரோ நிலையம் வகுத்த மூன்று கேள்விகளை இன்றும் கேட்கிறோம்: ஈரல் வீங்கியிருக்கிறதா, ஈரலில் தழும்பு உண்டா, இரும்பு ஒழுங்காக அகற்றப்பட்டதா. மூன்றும் பிழையென்றால் ஆபத்து மிகக் கூடும். கொடையாளியாக வரக்கூடிய அண்ணன், தங்கை, பெற்றோரின் இரத்தத்தைப் பிள்ளைக்கு ஏற்றாதீர்கள். அவர்களின் கலத்தை நிராகரிக்க உடல் பழகிவிடும். பிறந்தபோது காசு கட்டிச் சேமித்த சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் தலசீமியாவுக்கு உதவாது, அதே பிழையான மரபணு அதிலும் இருக்கிறது. முழங்கால் தேய்வுக்கும் ஓட்டிசத்துக்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ விற்கிறவர்களுக்கும் இங்கே பேசும் சிகிச்சைக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை. காணி விற்று அங்கே போகாதீர்கள்.

பிறர் கலம் ஏற்றியவர்களுக்கு: வீடு வந்தபின், எதிர்ப்புத்திறன் அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினின் அளவு பார்க்கும் கிளினிக் நாளில் காலைக் குளிசையைப் போடாமல் கையில் கொண்டுபோங்கள். இரத்தம் எடுத்த பின்பே போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறித் தெரியும், வைத்தியர் மருந்தைக் குறைப்பார், பிறகு கொடையாளியின் கலங்கள் உடலைத் தாக்கும். இருமலுக்குக் கிளரித்ரோமைசின், பூஞ்சைக்கு அசோல் வகை, பம்பளிமாசு எல்லாம் அளவை ஏற்றும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அளவை இறக்கும். மூட்டுவலிக்கு டைக்குளோஃபெனாக் ஊசி போட்டால் சிறுநீரகம் பழுதாகலாம். கொடையாளியின் கலங்கள் தாக்குவதன் அறிகுறியான உள்ளங்கைச் சிவப்பை வெயில் என்றும், தண்ணீராகப் போகும் வயிற்றோட்டத்தைச் சாப்பாடு என்றும் விட்டுவிடாதீர்கள். கண் மஞ்சளானால் அன்றே நிலையத்துக்கு வண்டி ஏறுங்கள்.

சாப்பாட்டில் ஊருக்கு ஊர் பயமுறுத்தல் அதிகம். ஆவி பறக்கும் புட்டு, இடியப்பம், சொதி, நன்றாக வெந்த மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பச்சைத் தேங்காய்ச் சம்பல், சட்டித் தயிர், பழஞ்சோறு, வெட்டி விற்கும் பழம் வேண்டாம். கிணற்று நீர் கொதிக்க வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் கடலிலும் குளிப்பது கதீற்றர் எடுத்து, எதிர்ப்புத்திறன் திரும்பிய பிறகு.

சிறுவயதுத் தடுப்பூசிகள் கொடுத்த பாதுகாப்பு மாற்றோடு பெரும்பாலும் அழிந்துவிடும். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உயிரற்ற தடுப்பூசிகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சின்னமுத்து போன்ற உயிருள்ளவை 24 மாதம் கழித்து, அடக்கு மருந்துகள் நின்ற பின்னரே. காசநோய்த் தடுப்பூசியான பீ.சீ.ஜீ. போடவே கூடாது. பொதுச் சுகாதார மருத்துவிச்சிக்கு இப்படியொரு பட்டியலோடு பெரியவர் ஒருவர் வருவது புதிதாக இருக்கலாம். நிலையத்தின் கடிதத்தை வாங்கி, முதல் ஊசிக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள்.